மிளகளவு ஈயம்

சலவை மிஷின் நின்ற பிறகும்
உள்ளே ஏதோ கிலுங்கியது.
பித்தானாக இருக்கும் என்று கைவிட்டேன்.
ஈயம்.
மிளகைவிடச் சற்றே பெரிது,
உடுக்கைபோல் நடுவில் ஒடுங்கியது.

தம்பி இளம்பரிதியின் கால்சட்டைப் பையில்
நியூசிலாந்திலிருந்து வந்திருக்கிறது,
விமான நிலையங்கள் தாண்டி
யார் கண்ணிலும் படாமல்.

தீபாவளிக்கு வந்தவன்
கைப்பேசியில் படம் காட்டினான்:
புல்மேடு, முயல்,
தோளில் காற்றுத் துப்பாக்கி.
"தூண்டில் விக்கிற கடையிலதான் வாங்கினேன்க்கா.
வயசைக் கேட்டான். பையில போட்டுக் குடுத்தான்."
திண்டுக்கல் மச்சான் வீட்டிலும் ஒன்று உண்டாம்,
மாந்தோப்பில் அணில் விரட்ட.

இங்கே, சுங்கை சிப்புட்டில், என் மாவு மில்லில்
தினம் இரவு எலி.
தோட்டத்தில் பழைய செம்பனையைச் சாய்த்ததிலிருந்து
அவையும் டவுனுக்கு வந்துவிட்டன,
லயத்தைக் காலி செய்துகொண்டு
நாங்கள் வந்த அதே சாலையில்.
மல்லி மூட்டையைக் கீறுகின்றன.
கோதுமையில் படுத்து எழுகின்றன.
மிளகாயை மட்டும் கொஞ்சம் மதிக்கின்றன.
சுகாதார இலாகாக்காரர் இரண்டு முறை வந்து
மூன்றாவது முறை கடைக்குப் பூட்டு என்றார்.

எனக்குத் தெரிந்த துப்பாக்கி ஒன்றுதான்.
மின்நிலைய வேலியில் சிவப்புப் பலகை:
நீட்டியபடி ஒருவன்,
கைகளைத் தூக்கியபடி ஒருவன்,
அடியில் தமிழிலும் எழுதியிருக்கும்.
பள்ளிக்கூடம் போகும்போது
அந்த இடம் வந்தால் வாயை மூடிக்கொள்வோம்.

இந்த ஒற்றை ஈயத்தை எங்கே வைப்பது?
அஞ்சறைப் பெட்டியில் போட்டால்
மிளகோடு மிளகாய் அரைத்துவிடுவேன்.
குப்பையில் போட்டால் அதே பையில்
என் பெயர் போட்ட கரண்டு பில் இருக்கும்.

வெள்ளிக்கிழமை சார்ஜன் ரொஸ்லான்
காய்ந்த மிளகாயோடு வந்தார், வீட்டில் கொடுத்தனுப்பியது.
மிஷின் சத்தத்துக்கு நடுவே
யாருக்கோ கேட்பதுபோல் கேட்டேன்:
எலிக்குக் காற்றுத் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமா, துவான்?
தும்மினார். மறுபடியும் தும்மினார்.
பாரம் இருக்கிறது, விசாரணை இருக்கிறது,
லைசென்ஸ் இல்லாமல் தொட்டால்
அப்புறம் நான் உன்னைத் தெரியாதவன் என்றார்.
"பன்றிக்குக் கேட்டவனே இன்னும் காத்திருக்கிறான்.
எலிக்கு யாருக்கும் கொடுத்து நான் பார்த்ததில்லை."
கண்ணைத் துடைத்துக்கொண்டு பொட்டலத்தை வாங்கினார்.
"கூண்டு வாங்கு. பன்னிரண்டு வெள்ளி."

வாங்கினேன். கருவாட்டுத் தலை மாட்டினேன்.
விடியலில் ஒன்று.
கம்பியைப் பிடித்திருந்த விரல்கள்
இளஞ்சிவப்பாக, நகத்தோடு.
வாளி நிறையத் தண்ணீர் பிடித்தேன்.
கூண்டோடு அமுக்கினேன்.
எதற்கென்று தெரியாமல் எண்ணினேன்,
நூற்றுப்பத்து வரை.
கம்பி வழியாக அதன் துடிப்பு
என் மணிக்கட்டுக்கு வந்தது,
பிறகு முழங்கைக்கு,
பிறகு வரவில்லை.
இதற்கு யாரும் பாரம் கேட்கவில்லை.

தம்பியை அழைத்தேன். அங்கே நடுப்பகல்.
முயல் விழும்போது
உன் கையில் ஏதாவது தெரியுமாடா?
"முப்பது அடி தள்ளி நிக்கிறேன்க்கா,
என்ன தெரியும்? ஏன்?"
சும்மா.

தராசுத் தட்டைத் துடைத்துவிட்டு
ஈயத்தை வைத்துப் பார்த்தேன்.
முள் அசையவில்லை.
கல்லாவில் ஐந்து காசுக் குழியில் போட்டேன்.
சில்லறை எடுக்கும்போதெல்லாம்
விரல் அதைத் தொட்டு, தாண்டிப் போகிறது,
அடுத்த வெள்ளிக்கிழமை
ரொஸ்லானுக்கு மீதி கொடுத்தபோதும்.